வெப்பமண்டலக் கடற்புழுக்களை மீண்டும் சேகரிப்பது ஏன்?

கேள்வி: நண்பர்களே, 2013-இல் ஆஸ்திரேலியாவின் கிரேட் பேரியர் ரீஃப் பவளத்திட்டிலுள்ள லிசார்ட் தீவில் பல நாட்டு வகைப்பாட்டியலாளர்கள் (உயிரினங்களை இனம் பிரித்துப் பெயரிடுவோர்) கூடிப் பாலிகீட்டா எனும் முட்கள் கொண்ட கடற்புழுக்களைச் சேகரித்தார்கள். பழைய இனப் பட்டியல்கள் இருக்கையில் இதற்கு என்ன தேவை?

பதில் 1: ஐரோப்பியக் கடற்புழுக்களின் பெயர்களையே வெப்பமண்டலப் புழுக்களுக்கும் நெடுங்காலம் சூட்டிவந்ததால், அப்பட்டியல்களை அப்படியே நம்ப இயலாது. வெப்பக்கடல்கள் எங்கும் வாழும் ஒரே இனம் எனக் கருதப்பட்ட யூரித்தோ கம்ப்ளனேட்டா என்ற தீப்புழு, மரபணு ஆய்வில் ஒன்றுக்கு மேற்பட்ட இனங்களாகப் பிரிந்தது.

பதில் 2: சேகரிக்கும் முறையும் முக்கியம். இறந்த பவளத் துண்டை உடைத்ததும் நெளிந்து வெளிவரும் புழுவை மக்னீசியம் குளோரைடு கரைசலில் தளரவைத்து, நிறம் மங்குமுன் படமெடுக்க வேண்டும். உடலைப் பதப்படுத்தும் ஃபார்மலின் டிஎன்ஏவைச் சிதைப்பதால், அதில் இடுமுன்பே புழுவின் ஒரு சிறு துண்டை எத்தனாலில் இட வேண்டும். இது செய்யப்படாத பழைய மாதிரிகளை எண்ணினால் மனம் வலிக்கிறது.

கேட்டவர்: அப்படியானால், இனம் முதலில் விவரிக்கப்பட்ட இடத்திலிருந்தும் புதிய மாதிரி வேண்டுமல்லவா?

பதில் 1: ஆம் ஐயா, ஒப்பிட அதுவே அடிப்படை.