'பியெத்தா' படத்தின் முடிவு பற்றி உதவி தேவை

நண்பர்களே, கிம் கி டுக் இயக்கி, 2012இல் வெனிஸ் விழாவில் தங்கச் சிங்கம் வென்ற கொரியப் படம் 'பியெத்தா' பற்றி ஒரு கட்டுரை எழுதுகிறேன். பார்க்காதவர்கள் மேலே படிக்க வேண்டாம், முடிவைச் சொல்லப்போகிறேன்.

கடன்பட்ட பட்டறைத் தொழிலாளிகளை ஊனமாக்கி, காப்பீட்டுப் பணத்தைப் பறிப்பவன் கதாநாயகன். தாய் என்று சொல்லி வந்த பெண்ணிடம்தான் முதன்முறையாக அன்பை அறிகிறான். அந்த அன்பே, அவனால் மகனை இழந்த அவள் தீட்டிய பழிவாங்கும் திட்டம். இதைவிடக் கொடூரமான தண்டனையை நான் திரையில் கண்டதில்லை!

கடைசியில் அவன் தன்னையே பலி கொடுப்பது மீட்சியா, அவள் பழியின் நிறைவா? எனக்கு மீட்சி என்றே படுகிறது. உறுதியாகச் சொல்ல முடியவில்லை. மாற்றுக் கருத்து உள்ளவர்கள் காரணத்துடன் எழுதுங்கள். கதை நடக்கும் சியோலின் சோங்கேசோன் பகுதிப் பட்டறைகளைப் பற்றித் தமிழில் ஏதேனும் கட்டுரை இருந்தாலும் தெரிவியுங்கள்.