பவுடர் கோட்டிங் அடித்த டேப்பட் கவரில் ஊசிக்குத்து ஓட்டைகள்: அவசரம்

நெல்லைக் கார்க்காரன் (ஞாயிறு, இரவு 9.40)
எஞ்சினை மேலே மூடுகிற டேப்பட் கவருக்குச் சிவப்பு நிறத்தில் பவுடர் கோட்டிங் (பெயிண்ட் பவுடரைத் தூவி அடுப்பில் உருக்கி இறுக்குவது) அடித்து நேற்று வாங்கி வந்தேன். இரவு டியூப் லைட் வெளிச்சத்தில் பளபளவென்று இருந்தது. காலை வெயிலில் பார்த்தால் மேலெல்லாம் ஊசியால் குத்தியதுபோல் ஓட்டைகள். ஆயில் மூடிப் பக்கம் இரண்டு கொப்புளங்கள். அடித்தவரைக் கேட்டால் எஞ்சின் சூட்டில் அமுங்கிவிடும் என்கிறார். புதன்கிழமை ஆடிக் கிருத்திகைக்குக் குடும்பத்தோடு திருச்செந்தூர் போக வேண்டும். அப்படியே மாட்டலாமா?

தாழையூத்து (9.52)
என்ன கார்? எந்த வருடம்? எங்கே அடித்தீர்கள்? படம் எங்கே?

பொருநைக்கரை (9.58)
கவரில் காந்தத்தை வைத்துப் பாருங்கள். ஒட்டினால் இரும்புத் தகடு. அம்பாசடரின் பழைய 1489 சி.சி. எஞ்சினில் அதுதான். ஒட்டாவிட்டால் அலுமினிய வார்ப்பு. பிளாஸ்டிக்காக இருந்திருந்தால் அடுப்பிலேயே கோணியிருக்கும், நீங்கள் வேறு கேள்வி கேட்டிருப்பீர்கள்.

ஆய்க்குடி (10.05)
காற்றுதான் காரணம். செங்கோட்டைக் கணவாய் வழியாக வருகிற ஆடிக் காற்றில் இங்கே துவைத்த வேட்டியே சிவந்துவிடுகிறது. புழுதி படிந்திருக்கும். ஐப்பசிக்குப் பிறகு அடித்திருக்க வேண்டும்.

தாழையூத்து (10.09)
புழுதி விழுந்தால் மேடு தட்டும், ஓட்டை விழாது. ஐப்பசியில் மழையும் ஈரமும் அல்லவா?

மூத்த மெக்கானிக் (10.31)
கேட்பதற்கு முன் பழைய இழைகளைப் படியுங்கள் என்று எத்தனை முறை சொல்வது? முதலில் அதன் பெயர் டேப்பட் கவர் அன்று, வால்வு கவர். பெயரே தெரியாமல் பிரித்து மேய்கிறார்கள். 30 வருட அனுபவத்தில் சொல்கிறேன்: பெட்டியில் வந்த நிறத்தை மாற்றாதவன் நிம்மதியாக வண்டி ஓட்டுவான்.

பேட்டை லேத் (10.44)
அண்ணாச்சி, நம்மூர் உதிரிபாகக் கடையில் போய் வால்வு கவர் கேஸ்கட் என்று கேட்டுப் பாருங்கள். பையன் சைக்கிள் டியூப் வால்வை எடுத்து நீட்டுவான்.
தம்பி, கோட்டிங் அடிப்பதற்கு முன் கவரை எப்படிச் சுத்தம் செய்தார்கள்? அதைச் சொல்லாமல் யாரும் பதில் சொல்ல முடியாது.

நெல்லைக் கார்க்காரன் (திங்கள், காலை 7.15)
1997 மாருதி ஜென். காந்தம் ஒட்டவில்லை. நான் மண்ணெண்ணெயில் கழுவிக் கொடுத்தேன். அவர்கள் காற்றழுத்தத்தில் மணல் அடித்துச் சுரண்டிவிட்டுக் கோட்டிங் போட்டார்கள். கேட், கிரில் அடிக்கிற பட்டறை. வேலைக்குப் போகிறேன், பிறகு வருகிறேன்.

பேட்டை லேத் (8.02)
அப்படியென்றால் விடை கிடைத்துவிட்டது. வார்ப்பு அலுமினியம் பார்வைக்குத்தான் கெட்டி. உள்ளே நுண்ணிய துளைகள் உண்டு. இத்தனை வருடமாக ஆயில் குடித்து ஊறிய கவர் அது. 180 முதல் 200 டிகிரி அடுப்பில் பவுடர் உருகிப் பரவுகிற நேரத்தில் உள்ளேயிருக்கும் ஆயிலும் காற்றும் சூடேறிப் பவுடரைத் துளைத்துக்கொண்டு வெளியேறுகின்றன. அதுதான் ஊசிக்குத்து. கேட் கம்பியில் இந்தத் துளைகள் இல்லை, ஆகவே அந்தப் பட்டறைக்கு இது பழக்கமில்லை. பவுடர் போடாமல் வெறும் கவரை முதலில் அதே சூட்டுக்குக் கொஞ்சம் மேலே அடுப்பில் வைத்து, வியர்க்கிற ஆயிலைத் துடைத்து, தேவைப்பட்டால் மறுபடியும் வைத்து, அதன் பிறகே பவுடர் தூவ வேண்டும்.
எஞ்சின் சூட்டில் அமுங்கும் என்பது சமாளிப்பு. வெந்து இறுகிய பவுடர் மறுபடியும் உருகாது. கவர் அந்தச் சூட்டை எட்டவும் செய்யாது.

ஆய்க்குடி (8.20)
மண்ணெண்ணெயில் கழுவினால் எப்படி ஒட்டும்? அது பிசுக்கை விட்டுவிட்டுத்தான் போகும். கடைசியில் தின்னர் போட்டுத் துடைத்திருக்க வேண்டும்.

மூத்த மெக்கானிக் (8.41)
மண்ணெண்ணெயில் கழுவித்தான் ஊரிலிருக்கிற எஞ்சின் எல்லாம் ஓடுகிறது. தின்னர் நேற்று வந்தது.

ஆய்க்குடி (8.47)
ஓடுவது வேறு, பெயிண்ட் ஒட்டுவது வேறு.

பொருநைக்கரை (9.10)
மண்ணெண்ணெய்க்குச் சண்டை போடுகிறீர்களே, எங்கே கிடைக்கிறது என்று ஒருவராவது சொல்லுங்கள். எங்கள் ரேஷன் கடையில் அந்த வாசனை வந்து எத்தனையோ மாதமாகிவிட்டது.

தாழையூத்து (9.26)
எங்கள் தெருவில் ஒரு பாட்டி இன்னும் இரண்டு கேன் வைத்திருக்கிறார். கேட்டால் கார்த்திகை விளக்குக்கு என்கிறார்.

மூத்த மெக்கானிக் (9.40)
கார்த்திகை விளக்குக்கு யாராவது மண்ணெண்ணெய் ஊற்றுவார்களா?

கல்லிடை டீசல் (பிற்பகல் 1.35)
எல்லோரும் ஓட்டையையே பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள். மணல் அடித்ததாக எழுதியிருக்கிறாரே, அது யார் கண்ணிலும் படவில்லையா?
தம்பி, கவரின் உட்பக்கத்தில் ஒரு தகடு இருக்கும். பிரீதர் குழாய் (எஞ்சினுக்குள் சேரும் ஆவி வெளியேறும் குழாய்) வழியாக ஆயில் போகாமல் தடுப்பதற்கானது. சில வண்டிகளில் திருகு, சிலவற்றில் ரிவிட். மணல் அடிப்பதற்கு முன் அதைக் கழற்றினார்களா? கழற்றவில்லையென்றால் அதன் பின்னால் மணல் புகுந்திருக்கும். தண்ணீர் ஊற்றிக் கழுவினாலும் முழுதாக வராது. வண்டி ஓடும்போது ஆயில் தெறித்துத் தெறித்து மணலைக் கீழே இறக்கும். கேம்ஷாஃப்டையும் பேரிங்கையும் அரைத்துவிடும். ஓட்டைகளால் எஞ்சினுக்கு ஒன்றும் ஆகாது, பார்க்கத்தான் அசிங்கம். மாட்டாதீர்கள்.

பேட்டை லேத் (1.50)
அண்ணாச்சி சொல்வது சரி. நான் கவனித்திருக்க வேண்டும். கேஸ்கட் உட்காரும் விளிம்பையும் பாருங்கள்; அங்கே பவுடர் படிந்திருந்தால் ஆயில் கசியும்.

கல்லிடை டீசல் (செவ்வாய், இரவு 8.00)
தம்பி, இருக்கிறீர்களா?

கல்லிடை டீசல் (புதன், காலை 5.30)
மாட்டிவிட்டீர்களா?

நெல்லைக் கார்க்காரன் (வியாழன், இரவு 10.12)
மன்னிக்கவும், ஊரில் இல்லை. செவ்வாய் இரவு மாட்டப் போகும்போதுதான் படித்தேன். கவரைக் காதருகே வைத்து ஆட்டினேன், சரசரவென்றது. ரிவிட்டைத் துளைத்துத் தகட்டை எடுத்தால் டீ கிளாஸில் கால்வாசிக்கு மணல். திருச்செந்தூருக்கு பஸ்ஸில் போய் வந்தோம். நன்றி.

பேட்டை லேத் (10.20)
நல்லவேளை. கோட்டிங்கை உரித்து மறுபடியும் அடிக்கப் போகிறீர்களா? தகட்டைத் திரும்ப எப்படிப் பொருத்துவீர்கள்?

ஆய்க்குடி (வெள்ளி, காலை 6.55)
அடிப்பதாக இருந்தால் காற்று நின்ற பிறகு அடியுங்கள்.

மூத்த மெக்கானிக் (7.30)
தலைப்பில் இன்னும் டேப்பட் கவர் என்றே இருக்கிறது.