ஃபிஞ்ச் குஞ்சைத் தந்தையிடமிருந்து எப்போது பிரிக்கலாம்?

கேள்வி:
நான் வளர்க்கும் ஜீப்ரா ஃபிஞ்ச் (சிறிய பாடும் பறவை) ஜோடியின் ஆண் குஞ்சுக்கு இன்றோடு 40 நாள் ஆகிறது. கன்னத்தில் ஆரஞ்சு நிறம் இப்போதுதான் அரும்புகிறது. சில நாள்களாக அது கண்களைப் பாதி மூடி, தொண்டை மட்டும் துடிக்க, தாழ்ந்த குரலில் ஏதோ முணுமுணுக்கிறது. தந்தையின் பாட்டோடு அதற்கு ஒற்றுமையே இல்லை. மாலையில் ஓரளவு சீராக வருவதும் மறுநாள் காலையில் குலைந்துவிடுகிறது. இது நோயா? தானாகவே இரை தின்பதால் தனிக்கூண்டுக்கு மாற்றலாமா?

பதில் 1:
நோயன்று, பாடக் கற்கும் குஞ்சின் மழலை. தயவுசெய்து இப்போது பிரிக்காதீர்கள். இவ்வினத்தில் ஏறக்குறைய 25ஆம் நாள் முதல் 65ஆம் நாள் வரை குஞ்சு தந்தையின் பாட்டைக் கேட்டு மனத்தில் பதித்துக்கொள்கிறது. அது முடியுமுன்பே, சுமார் 35ஆம் நாளிலிருந்து, தானும் பாடிப் பார்க்கத் தொடங்குகிறது. 90 நாள் அளவில் பாட்டு உறுதிப்பட்டு, பிறகு பெரும்பாலும் மாறுவதில்லை. உங்கள் குஞ்சு கேட்பதும் பழகுவதும் ஒருசேர நடக்கும் பருவத்தில் இருக்கிறது.

பதில் 2:
காலைக் குலைவைக் கவனித்திருப்பது மகிழ்ச்சி தருகிறது. உறங்கி எழுந்த குஞ்சுகளின் பாட்டு முதலில் சீர்குலைவதையும், அவ்வாறு அதிகம் குலைந்தவையே இறுதியில் தந்தையை நெருக்கமாகப் பின்பற்றியதையும் 2005இல் வெளியான ஆய்வு காட்டியது. தன் குரலைத் தானே கேட்பதும் இன்றியமையாதது: பாட்டைக் கேட்டுப் பதித்துக்கொண்ட பிறகு, பாடிப் பழகுமுன் செவித்திறனை இழந்த வெண்முடிச் சிட்டுகளால் (வேறொரு பாடும் பறவையினம்) அப்பாட்டை மீட்டெடுக்க முடியவில்லை என்று பறவைப் பாட்டை ஆராய்ந்த அறிவியலாளர் மார்க் கோனிஷி 1965இல் எழுதினார்.

கேட்டவர்:
இருவருக்கும் நன்றி. பிரித்தே ஆக வேண்டுமென்றால், தந்தையின் பாட்டைப் பதிவுசெய்து ஒலிக்கவிட்டால் போதாதா? உடன்பிறந்த பெண் குஞ்சையாவது மாற்றலாமா?

பதில் 1:
வெறும் ஒலிப்பதிவிலிருந்து இவை அரைகுறையாகவே கற்கின்றன. நேரில் இருக்கும் தந்தை குஞ்சை நோக்கிப் பாடும்போது இடைவெளிகளை நீட்டி, சில ஒலிகளைத் திரும்பத் திரும்பத் தருகிறது. குஞ்சும் அசையாமல் கேட்கிறது. பதிவில் அந்தப் பரிமாற்றம் இல்லை. இவ்வினத்தில் பெண் பாடுவதில்லை என்றாலும், இளமையில் கேட்ட தந்தையின் பாட்டை நினைவில் கொண்டு, பிற்காலத்தில் அதையே விரும்பிக் கேட்கிறது. ஆகவே அதையும் தந்தையுடனே விட்டுவையுங்கள்.