புதுப்பிப்பு: பிளெண்டரில் சிலம்பம், கம்பு எதிர்த்திசையில் சுழலும் சிக்கல் தீர்ந்தது

சென்ற மாதம் கேட்டிருந்தேன்: பிளெண்டர் என்ற முப்பரிமாண அனிமேஷன் மென்பொருளில் நான் செய்யும் சிலம்பாட்டப் பாத்திரம் கம்பைச் சுழற்றினால் கம்பு எதிர்த்திசையில் திரும்புகிறது, உடலோ எடையில்லாமல் மிதக்கிறது என்று. பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

கம்பின் எலும்பை (கம்பை அசைக்கும் கட்டுப்பாட்டுத் துண்டு) குவாட்டர்னியனிலிருந்து ஆய்லர் முறைக்கு மாற்றச் சொன்ன யோசனைதான் பலித்தது. சுழற்சியைக் கணக்கிடும் இரண்டு முறைகள் இவை: குவாட்டர்னியன் நான்கு எண்களால், ஆய்லர் மூன்று அச்சுகளின் கோணங்களால். இரண்டு கீஃபிரேம்களுக்கு (நாமே நிலையைக் குறித்து வைக்கும் ஃபிரேம்கள்) இடையே குவாட்டர்னியன் குறுக்கு வழியைத்தான் பிடிக்கும். 270 டிகிரி கேட்டால் 90 டிகிரி பின்னால் போகும். 360 கேட்டால் அசையவே அசையாது. ஆய்லரில் 720 என்று கொடுத்தால் ஒழுங்காக இரண்டு சுற்று. இது தெரியாமல் மூன்று இரவுகளைத் தொலைத்தேன். ஒன்று கவனியுங்கள்: முறையை மாற்றினால் பழைய கீஃபிரேம்கள் தாமாக மாறுவதில்லை. நான் கம்புக்கு மட்டும் புதிதாக வைத்தேன்.

எடைக்கு, "காலடியை முதலில் முடியுங்கள், கையைத் தொடாதீர்கள்" என்றவர் சொன்னதே சரி. கால் ஊன்றியதும் இடுப்பு, இரண்டு ஃபிரேம் கழித்துத் தோள், கடைசியில் கம்பு என்று அசைவுகளை ஒன்றன்பின் ஒன்றாகத் தள்ளி வைத்தேன். மிதப்பு போய்விட்டது. சிலம்பம் கற்ற என் மாமாவும் பார்த்துவிட்டு, "முழங்கால் இன்னும் மடங்கட்டும்" என்று மட்டும் சொன்னார். அவரிடமிருந்து அதுவே பாராட்டு.

எதிர்பாராதது ஒன்று. நொடிக்கு மூன்று சுற்று என்றால், நொடிக்கு 24 ஃபிரேம் ஓடும் படத்தில் கம்பு ஒவ்வொரு ஃபிரேமுக்கும் 45 டிகிரி தாவுகிறது. துண்டு துண்டாகத் தெரிந்தது. ரெண்டரில் (இறுதிப் படத்தை உருவாக்கும்போது) வேகமான அசைவை மங்கலாகக் காட்டும் மோஷன் பிளரை இயக்கியதும் சரியானது.

கை மாற்றும் இடத்தில் மணிக்கட்டு இன்னும் துள்ளுகிறது. அதைத் தனியாகக் கேட்கிறேன்.