பாதாம் பிசினும் உயிர்ச்செல்லும்: மைக்ராஸ்கோப் வைத்திருப்பவர்கள் உதவ முடியுமா?

வணக்கம். மதுரை திருநகரில் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு உயிரியல் டியூஷன் எடுக்கிறேன். செல்லிலிருந்து சோடியத்தை வெளியே தள்ளிப் பொட்டாசியத்தை உள்ளே எடுக்கும் சோடியம்-பொட்டாசியம் பம்ப் பற்றி நடத்தும்போது ஒரு பையன், "சார், பம்ப்பே இல்லைன்னு கில்பர்ட் லிங்னு ஒருத்தர் சொன்னாராமே?" என்றான். அடுத்த வகுப்பில் சொல்கிறேன் என்று தப்பித்தேன்.

அப்புறம் உட்கார்ந்து படித்தேன். செல்லுக்குள் இருக்கும் நீர் டம்ளர் தண்ணீர் மாதிரி இல்லை, புரதங்கள் மேல் அடுக்கடுக்காகப் படிந்திருக்கிறது, அதனால்தான் சோடியம் வெளியே தங்குகிறது என்பது செல் ஆய்வாளரான லிங்கின் வாதம். பம்ப்பைக் கண்டுபிடித்த ஸ்கோவுக்கு 1997-ல் நோபலே கிடைத்துவிட்டது. நானும் பம்ப் கட்சிதான். ஆனாலும் ஜிகர்தண்டாவுக்கு ஊறவைத்த பாதாம் பிசினைப் பாருங்கள். சின்னக் கட்டி ராத்திரியில் கிண்ணம் நிறைய ஊதியிருக்கும், ஸ்பூனைச் சாய்த்தாலும் சொட்டாது. செல்லும் இப்படி ஒரு ஜெல்தான் என்கிறார் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் ஜெரால்டு போலாக். நாஃபியான் என்ற பாலிமரின் ஓரத்தில் நுண்துகள்கள் அண்டாத ஒரு பட்டை உருவாவதைக் காட்டியவர் அவர். பட்டை நிஜம். அங்கே நீர் அடுக்கடுக்காகப் படிவதே காரணம் என்பது அவர் கட்சி. நீர் காரணமில்லை, நாஃபியான் தன் அயனிகளைக் கொடுத்து நீரிலுள்ள அயனிகளை வாங்கும் அயனிப் பரிமாற்றம்தான் துகள்களைத் தள்ளுகிறது என்று சொல்பவர்களும் உண்டு.

பையன்களுக்கு அந்தப் பட்டையைக் கண்ணால் காட்ட ஆசை. நாஃபியான் போலவே அயனிகளைப் பரிமாறும் வாட்டர் சாஃப்ட்னர் ரெசின் மணியைச் சுற்றி, நீர்த்த பாலை விட்டால் தெரியுமா? மதுரையில் எந்தக் கல்லூரி லேபிலாவது சனிக்கிழமை ஒரு மணி நேரம் மைக்ராஸ்கோப் கிடைக்குமா?

நீரின் அமைப்பையே மாற்றித் தருவதாகச் சொல்லி 'கட்டமைத்த நீர்' மெஷின் விற்பவர்கள் தயவுசெய்து இன்பாக்ஸுக்கு வராதீர்கள். ஏற்கெனவே ஒருவரிடம் பட்டுவிட்டேன்.