சூடான ஐஓ-360 விமான இன்ஜின் மறுபடி கிளம்பவில்லை: மிக்ஸ்சர் லீவரை எப்போது தள்ளுவது?

கேள்வி:
லைக்கமிங் ஐஓ-360, பெண்டிக்ஸ் வகை ஃபியூயல் சர்வோ (காற்றுக்கேற்ப பெட்ரோலை அளந்து விடும் பாகம்). ஆறிய இன்ஜின் உடனே பிடித்துக்கொள்கிறது. தரையிறங்கி 20 நிமிடம் கழித்துக் கிராங்க் செய்தால் (ஸ்டார்ட்டரால் சுழற்றினால்) இரண்டு முறை இருமிவிட்டு அடங்கிவிடுகிறது. ப்ரைம் செய்துதான் (முன்கூட்டியே கொஞ்சம் பெட்ரோல் செலுத்தித்தான்) ஆரம்பிக்கிறேன். அது சரியா?

பதில் 1:
ப்ரைம்தான் கெடுக்கிறது. இன்ஜின் நின்றதும் காற்றோட்டம் போய், சிலிண்டர்களின் சூடு அப்படியே மேலே ஏறும். பெட்ரோலைச் சிலிண்டர்களுக்குப் பிரித்து அனுப்பும் ஃப்ளோ டிவைடரும், அதிலிருந்து நாஸில்களுக்குப் போகும் மெல்லிய குழாய்களும் அங்கேதான் இருக்கின்றன. உள்ளே நின்ற பெட்ரோல் கொதித்து, நாஸில் வழியாக இன்டேக்கில் (காற்று உள்ளே போகும் பாதையில்) இறங்கிவிடும். ஆக, இன்டேக்கில் பெட்ரோல் ஏற்கெனவே இருக்கிறது, குழாய்தான் காலி.

பூஸ்ட் பம்ப் (மின்சார பெட்ரோல் பம்ப்) ஆஃப். மிக்ஸ்சர், அதாவது பெட்ரோல்-காற்று விகிதத்தை மாற்றும் லீவர், முழு கட்-ஆஃப் (பெட்ரோல் அடைப்பு). த்ராட்டில் அரை அங்குலம் திறந்து கிராங்க் செய்யுங்கள். பிடித்ததும் மிக்ஸ்சரை நிதானமாக ரிச் (முழு பெட்ரோல்) வரை தள்ளியபடியே த்ராட்டிலைக் குறையுங்கள். இன்டேக்கில் இருக்கும் ஆவி ஓரிரு வினாடிக்குத்தான் வரும், அதனால் கை மிக்ஸ்சர் மேலேயே இருக்கட்டும். ஓடத் தொடங்கியபின் திணறினால் பூஸ்ட் பம்பைப் போட்டு, ஃபியூயல் ஃப்ளோ முள் ஆடாமல் நிற்கும்வரை விடுங்கள்.

பதில் 2:
இதை கான்டினென்டல் இன்ஜினுக்கு அப்படியே எடுத்துப் போகாதீர்கள். ஐஓ-520, 550 போன்றவற்றில் டேங்குக்குத் திரும்பும் லைன் உண்டு. மிக்ஸ்சரை கட்-ஆஃபில் வைத்து பூஸ்ட் பம்பை ஹையில் அரை நிமிடம் முதல் ஒரு நிமிடம்வரை ஓட்டினால், குளிர்ந்த பெட்ரோல் இன்ஜின் பம்ப் வழியே சுற்றி, ஆவியைத் தள்ளிக்கொண்டு டேங்குக்குத் திரும்பும். பெண்டிக்ஸ் சர்வோவில் அந்த வழி கிடையாது. கட்-ஆஃபில் பம்ப் ஓடினாலும் பெட்ரோல் சர்வோவோடு நின்றுவிடும். எந்த இன்ஜினானாலும் விமானத்தின் கையேடு சொல்வதே முதலில்.

கேள்வி கேட்டவர்:
நன்றி. ஒரு மணி நேரம் கழிந்திருந்தால்?

பதில் 1:
அதுதான் இரண்டுங்கெட்டான் நேரம். இன்டேக்கில் இருந்த ஆவி கலைந்திருக்கும், குழாய் நிறைந்திருக்காது. முதலில் ப்ரைம் இல்லாமல் பாருங்கள். சத்தமே வராவிட்டால் ஓரிரு வினாடி மட்டும் ப்ரைம்.

பதில் 3:
பெட்ரோல் அதிகமாகிவிட்டால் மிக்ஸ்சர் கட்-ஆஃப், பம்ப் ஆஃப், த்ராட்டில் முழுதாகத் திறப்பு. பிடித்த கணமே த்ராட்டிலை இழுங்கள், இல்லையென்றால் ஆர்பிஎம் எகிறும். ஸ்டார்ட்டரை 10 வினாடிக்கு மேல் அழுத்தாதீர்கள். நடுவே 20 வினாடி ஓய்வு, மூன்று சுற்றுக்குப்பின் 10 நிமிடம். இன்டேக்கில் தீப்பிடித்தால் கிராங்க்கை நிறுத்தக் கூடாது: மிக்ஸ்சர் கட்-ஆஃப், த்ராட்டில் முழுதாக, தீயை இன்ஜின் உள்ளே இழுத்துக்கொள்ளட்டும்.

இவ்வளவு செய்தும் சூட்டில் மட்டும் மறுத்தால், பிளக்குக்குப் பொறி தரும் மேக்னெட்டோவைப் பார்க்கச் சொல்லுங்கள். பழுதான காயில் குளிரில் நல்ல பொறி தந்து, சூடேறினால் கைவிடும்.