ஆக்ஸியா பெட்ரோல் அதிகமா குடிக்குது. மின்யாக் ஹித்தாம் (இன்ஜின் ஆயில்) 3,000 கிலோமீட்டருக்கு மாத்தணுமா, 10,000க்கா?

செம்பனை_கிராணி:

வணக்கம். சுங்கை சிப்புட்லேர்ந்து எழுதுறேன். தோட்ட ஆபீஸ்ல வேலை. வீட்டுல இருந்து ஏழு கிலோமீட்டர்தான், ஆனா கடைசி ரெண்டு கிலோமீட்டர் செம்மண் ரோடு. செம்பனை லோரி ஓடி ஓடி அது ரோடா குளமான்னு தெரியாது. காடி (கார்) 2015 பெரோடுவா ஆக்ஸியா, ஆட்டோ கியர், அப்பா வாங்கினது. இப்போ நான்தான் ஓட்டுறேன்.

முன்னெல்லாம் 25 லிட்டர் அடிச்சா 400 கிலோமீட்டர் கிட்ட வரும். கொஞ்ச மாசமா அதே 25 லிட்டருக்கு 300 தாண்டவே மாட்டேங்குது. கண்ணால பார்த்துச் சொல்லலை. ஒரே ஸ்டேசன், ஒரே பம்பு, நாசில் தானா நிக்கிற வரைக்கும் அடிச்சு, ட்ரிப் மீட்டரைப் பூஜ்யமாக்கி, அடுத்த தடவை அடிக்கும்போது வகுத்துப் பார்க்கிறேன். கணக்கு எழுதுறதுதான் என் வேலையே.

போமேன்கிட்ட (மெக்கானிக்) காட்டினேன். இன்ஜின்ல ஆயில் ஊத்துற மூடியைத் திறந்து உள்ள பார்த்தாரு, மூடிக்கு அடியில வெள்ளையா வெண்ணெய் மாதிரி ஒட்டியிருந்துச்சு. "இன்ஜின் வயசாச்சும்மா, 20டபிள்யூ-50 கட்டி எண்ணெய் போடலாம், 3,000க்கு ஒரு தடவை மாத்திடு"ன்னாரு. ஈப்போவுல இருக்கிற சித்தப்பா மகன் "ஃபுல்லி சிந்தெட்டிக் போட்டா 10,000 வரைக்கும் மூடியையே திறக்காதே"ங்கிறான். அப்பா 5,000தான் சரிங்கிறாரு. முதல் புரோட்டோன் சாகா காடி வந்த 1985லேர்ந்து அவருக்கு அந்த ஒரே நம்பர்தான்.

யார் பேச்சைக் கேட்கிறது? நான் மாசத்துக்கு 600 கிலோமீட்டர் ஓட்டினாலே பெருசு.

ஈப்போ_காடிக்காரன்:

சித்தப்பா மகன் சொல்றதுதான் சரி அக்கா. நான் ஈப்போவுல இ-ஹெய்லிங் (ஆப் டாக்சி) ஓட்டுறேன். 10,000 எனக்கு ரெண்டு மாசத்துல வந்துடும். ஃபுல்லி போடுறேன், 10,000க்கு மாத்துறேன், இன்ஜின் புதுசு மாதிரி ஓடுது. 3,000ங்கிறது போமேன் வீட்டு வாடகைக்கு. பெட்ரோல் 95க்குப் பதிலா ரோன் 97 அடிச்சுப் பாருங்க, இல்லன்னா விடியக்காலைல குளிர்ச்சியா இருக்கும்போது அடிங்க, லிட்டர் கூட வரும்.

பழைய_ஃபிட்டர்:

தங்கச்சி, நான் தோட்டத்து லோரிப் பட்டறையில ஃபிட்டரா இருந்து ரிட்டையர் ஆனவன். முதல்ல தம்பிக்குப் பதில் சொல்லிட்டு உன்கிட்ட வர்றேன்.

தம்பி, 97ல சக்தி ஒண்ணும் கூட இல்லை. அந்த நம்பர் நாக்கிங் (பெட்ரோல் தானா வெடிச்சு இன்ஜின் தட்டுறது) வராம தாங்கிற அளவைத்தான் சொல்லுது. 95க்குச் செஞ்ச இன்ஜினுக்கு 97 ஊத்தினா பர்ஸ்தான் இளைக்கும். ஸ்டேசன் டாங்கி மண்ணுக்கு அடியில இருக்கு, காலையோ மத்தியானமோ அங்க சூடு அதிகம் மாறாது. பெட்ரோல் ஒரு டிகிரிக்கு ஆயிரத்துல ஒரு பங்குதான் விரியும். அதுக்காக அஞ்சு மணிக்கு எந்திரிக்க வேணாம், தூங்கு.

உன் 10,000 உனக்குச் சரி. காலையில ஸ்டார்ட் பண்ணினா ராத்திரி வரைக்கும் இன்ஜின் சூட்டுலயே ஓடுது. தங்கச்சி கதை வேற.

ஏழு கிலோமீட்டர்ல இன்ஜின் முழுச் சூட்டுக்கு வர்றதுக்குள்ள ஆபீஸ் வந்துடும். சாயந்திரம் ஆறிப்போன இன்ஜினை எடுத்து மறுபடியும் ஏழு கிலோமீட்டர். பெட்ரோல் எரிஞ்சா தண்ணி வரும்னு பாதிப் பேருக்குத் தெரியாது. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிஞ்சா கிட்டத்தட்ட ஒரு லிட்டர் தண்ணி. அது ஆவியா எக்ஸாஸ்ட் வழியா போயிடும், கொஞ்சம் பிஸ்டன் ரிங்கைத் தாண்டி ஆயிலுக்குள்ள இறங்கும். இன்ஜின் நல்லா சூடா ஓடினா அந்தத் தண்ணியும் ஆவியாகி, ப்ரீதர் வழியா உறிஞ்சி மறுபடியும் எரிஞ்சிடும். சூடே ஏறாத இன்ஜின்ல அது எங்க போகும்? ஆயிலோட கலந்து மூடிக்கு அடியில வெண்ணெயா நிக்கும். நீ பார்த்தது அதுவா இருக்கலாம்.

இருக்கலாம்னுதான் சொல்றேன். ஹெட் கேஸ்கெட் (இன்ஜின் தலைக்கு அடியில இருக்கிற சீல்) போய், கூலன்ட், அதாவது இன்ஜினை ஆற வைக்கிற தண்ணி, ஆயில்ல கலந்தாலும் வெள்ளை வரும். அதனால இதைப் பார்த்துட்டு எழுது: கூலன்ட் ரிசர்வ் டாங்கில அளவு குறையுதா? ஆயில் அளவு பார்க்கிற கம்பி, அந்த டிப்ஸ்டிக்கை எடுத்து மோந்து பாரு, பெட்ரோல் வாடை வருதா? இன்ஜின் இன்னும் சூடாகலைன்னு மீட்டர்ல காட்டுற நீல விளக்கு எவ்வளவு நேரம் எரியுது? இன்னொண்ணு, காடிக்கு ரேடியேட்டர் பக்கம் ஏதாவது வேலை செஞ்சீங்களா?

20டபிள்யூ-50 மட்டும் இப்போதைக்கு வேணாம். அது எங்க பழைய லோரிக்கு ஊத்தினது. இந்த மூணு சிலிண்டர் சின்ன இன்ஜினுக்கு மெல்லிசான ஆயில்தான், புத்தகத்துல என்ன போட்டிருக்குன்னு பாரு. கட்டி ஆயில் ஊத்தினா பம்பு அதைத் தள்ளவே பெட்ரோல் செலவு பண்ணும், அதுவும் காலையில ஆறின இன்ஜின்ல.

தாமான்_ராஜா:

தோட்ட ரோட்டுல ஓடுற காடின்னா ப்ரேக்கையும் பாருங்க. செம்மண் சேறு காலிப்பர்ல போய்க் காஞ்சு பிஸ்டன் சரியா திரும்பாம, பேட் டிஸ்க்கை உரசிக்கிட்டே இருக்கும். என் மச்சான் காடி அப்படித்தான் குடிச்சுது. ஓட்டிட்டு வந்து நிறுத்தினதும் நாலு ரிம் பக்கத்துலயும் கையைக் கொண்டு போங்க, தொடாதீங்க, ஒண்ணு மட்டும் அனலா அடிச்சா அதுதான். டயர் காத்தும் காலையில, ஓட்டறதுக்கு முன்ன பார்க்கணும். எவ்வளவுன்னு டிரைவர் கதவுப் பக்கத்துத் தூண்ல ஸ்டிக்கர் இருக்கும். 

செம்பனை_கிராணி:

எல்லாருக்கும் நன்றி. ராஜா அண்ணே, நாலு ரிம்மும் ஒரே சூடு. காத்து ரெண்டு டயர்ல குறைஞ்சிருந்துச்சு, அடிச்சிட்டேன்.

ஃபிட்டர் அண்ணே, நீங்க கேட்டதுக்கு வரிசையா: கூலன்ட் குறையலை, போன வாரம் எங்க நின்னுச்சோ அங்கேயே நிக்குது. டிப்ஸ்டிக் பெட்ரோல் வாடை அடிக்குது, அம்மாவும் மோந்து பார்த்துட்டு ஆமாங்கிறாங்க. நீல விளக்கு முன்னெல்லாம் டவுனைத் தாண்டுறதுக்குள்ள அணைஞ்சிடும். இப்போ சில நாள் தோட்டத்து கேட் வரைக்கும் எரியுது. நல்லதுதானே, இன்ஜின் குளிர்ச்சியா இருக்குன்னு நினைச்சுக்கிட்டு இருந்தேன்.

ரேடியேட்டர் வேலைன்னு கேட்டீங்கல்ல. கோலகங்சார் போற வழியில ஒரு தடவை ஹோஸ் வெடிச்சு, ரோட்டோரத்துல ஒரு பட்டறையில மாத்தினோம். அப்பாதான் கூட இருந்தாரு. அவர்கிட்ட கேட்டேன். "அந்தப் பையன் ஏதோ ஒரு சின்னச் சாமானைக் கழட்டி, நம்ம ஊரு வெயிலுக்கு இது தேவையில்லை அங்கிள்னு வீசிட்டான்"ங்கிறாரு.

பழைய_ஃபிட்டர்:

வீசினது தெர்மோஸ்டாட்.

ஊர் ஊருக்கு இந்தப் பழக்கம் இருக்கு. காடி ஒரு தடவை சூடேறினா போதும், முதல் வேலையா அதைத் தூக்கிடுவாங்க. "பனி நாட்டுக்குத்தான் அது"ன்னு ஒரு வியாக்கியானம் வேற. வெளியில 33 டிகிரி வெயில் இருக்கலாம், இன்ஜினுக்கு வேண்டியது 80, 90. தெர்மோஸ்டாட்ங்கிறது ஒரு வால்வு. தண்ணி 80 சொச்சம் டிகிரி வர்ற வரைக்கும் ரேடியேட்டருக்குப் போற வழியை அடைச்சு வைக்கும், அதுக்குப் பிறகுதான் திறக்கும். அது இல்லன்னா ஸ்டார்ட் பண்ணின நிமிசத்துலேர்ந்தே தண்ணி ரேடியேட்டருக்குள்ள போய் ஆறிக்கிட்டே இருக்கும். ஈர விறகுல அடுப்பு மூட்டின மாதிரி இன்ஜின் கிடந்து புகையும்.

இனி உன் கணக்கு எல்லாம் ஒரே இடத்துக்கு வரும் பாரு. சென்சர் "தண்ணி இன்னும் ஆறித்தான் இருக்கு"ன்னு கம்ப்யூட்டருக்குச் சொல்லும். கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கூட்டி ஊத்தும். ஊத்தின பெட்ரோல் ஆறின சிலிண்டர் சுவத்துல சரியா ஆவியாகாம வழிஞ்சு ஆயிலுக்குள்ள இறங்கும். அதுதான் டிப்ஸ்டிக் வாடை. தண்ணியும் தங்கும், அதுதான் வெண்ணெய். பெட்ரோல் கலந்த ஆயில் நீர்த்துப் போய் சத்தம் கொடுக்கும். அந்தச் சத்தத்தைக் கேட்டுட்டுத்தான் உன் போமேன் கட்டி எண்ணெய்ன்னு சொல்லியிருப்பாரு. அவரைத் திட்ட வேணாம், வெண்ணெயைப் பார்த்திருக்காரு, ஹோஸ் கதை அவருக்குத் தெரியாது.

செய்ய வேண்டியது: புது தெர்மோஸ்டாட், அதோட ரப்பர் சீல், கூலன்ட். பைப் தண்ணி ஊத்தாதே. இப்போ இருக்கிற ஆயிலை எத்தனை கிலோமீட்டர் ஓடியிருந்தாலும் வடிச்சிடு, ஃபில்டரும் சேர்த்து. உன் இன்ஜினுக்கு மூணு லிட்டர் கிட்டத்தான் பிடிக்கும், நாலு லிட்டர் டின் வாங்கினா மிச்சம் வரும். மிச்சம் இருக்கேன்னு எல்லாத்தையும் ஊத்திடக் கூடாது.

ஈப்போ_காடிக்காரன்:

அது சரி அண்ணே, அதுக்குப் பிறகு? 3,000ஆ 10,000ஆ? அக்கா கேட்டதே அதுதான்.

பழைய_ஃபிட்டர்:

ரெண்டும் அவளுக்கு இல்லை தம்பி. மாசத்துக்கு 600 கிலோமீட்டர்னு அவளே சொல்லிட்டா. 10,000 ஓட்ட ஒண்ணேகால் வருசத்துக்கு மேல ஆகும். புத்தகத்துல கிலோமீட்டரை மட்டுமா போட்டிருக்கு? பக்கத்துல மாசமும் இருக்கும், எது முதல்ல வருதோ அதுன்னு. யாரும் அந்த ரெண்டாவது பாதியைப் படிக்கிறதில்லை. ஆறு மாசம்னு வச்சுக்கோ, அவளுக்கு 3,600 கிலோமீட்டர் வரும். போமேன் சொன்ன 3,000க்கும் இதுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை, அவர் சொன்ன காரணம்தான் வேற.

குறுகிய தூரம், தூசி ரோடு, ரொம்ப நேரம் நின்ன இடத்துல இன்ஜின் ஓடுறது, இதையெல்லாம் கடுமையான ஓட்டம்னு புத்தகமே தனியாச் சொல்லும். தோட்டத்துக்காரங்க நம்ம எல்லாருக்கும் அந்தப் பக்கம்தான். காடி பார்க்கப் பூனை மாதிரி மெதுவாத்தான் போகும், ஆனா ஆயிலுக்கு அதுதான் கஷ்டமான வேலை. ஆறு மாசத்துக்கு ஒரு தடவை, செமி சிந்தெட்டிக் போட்டாலும் போதும். ஃபுல்லி போட்டா ஆறின இன்ஜின்ல சீக்கிரம் மேல ஏறும், அது நல்லதுதான், அதுக்காக மாசத்தைக் கூட்டாதே. நிறம் பார்த்து முடிவு பண்ணாதே. கறுப்பானா அழுக்கைக் கழுவிக்கிட்டு இருக்குன்னுதான் அர்த்தம். ரொம்ப முக்கியம், தெரிஞ்ச கடையில வாங்கு. சந்தையில போலி டின் நிறைய.

வாரத்துல ஒரு நாள் ஈப்போ வரைக்கும் ஓட்டிட்டு வா. செம்மோர் வழியா பழைய ரோடுலயே போகலாம், ஹைவே வேணும்னு இல்லை. அரை மணி நேரம் நல்ல சூட்டுல ஓடினா தண்ணி, பெட்ரோல் ரெண்டும் ஆயிலை விட்டுப் போகும். ஏர் ஃபில்டரைத் தட்டிப் பாரு, செம்மண் கொட்டும். கம்ப்யூட்டர் அளந்து பெட்ரோல் ஊத்துற இந்தக் காலத்துக் காடியில அது பெட்ரோலை அவ்வளவா கூட்டாது, இழுவைதான் குறையும். மாத்திடு, மலிவுதான்.

செம்பனை_கிராணி:

தெர்மோஸ்டாட் போட்டாச்சு, கூலன்ட், ஆயில், ஃபில்டர் எல்லாம் மாத்தியாச்சு. பழைய ஹவுசிங்கைக் கழட்டினா அண்ணன் சொன்ன மாதிரி உள்ள காலி, வெறும் ஓட்டைதான். போமேன் பார்த்துட்டுச் சிரிச்சாரு. நீல விளக்கு மறுபடியும் டவுன்லயே அணையுது.

ரெண்டு டாங்கி ஓட்டிப் பார்த்துட்டுத்தான் எழுதுறேன். இப்போ லிட்டருக்கு 15 கிட்ட வருது. பழைய 16 இன்னும் வரலை. விளம்பரத்துல 21.6 வரைக்கும்னு போட்டிருந்தாங்கன்னு அப்பா இன்னும் கேட்டுக்கிட்டு இருக்காரு. நம்ம ரோட்டுல அதெல்லாம் நடக்கிற காரியமான்னு சொல்லிட்டேன். 12லேர்ந்து 15ன்னா, என் ஓட்டத்துக்கு மாசம் பத்து லிட்டர் மிச்சம். லிட்டர் 1.99ன்னு கணக்குப் போட்டா 20 வெள்ளி (ரிங்கிட்). அம்மாவைச் சந்தையில இறக்கிட்டு ஏர்கோனோட காத்திருக்கிறதையும் நிறுத்தினா இன்னும் கொஞ்சம் வரும்னு தோணுது, ஆனா அந்த வெயில்ல முடியாது.

ஒரு சந்தேகம். பழைய ஆயிலை அப்பா டின்ல பிடிச்சு வச்சிருக்காரு. வேலிக் கட்டைக்கு அடிக்கப் போறாராம், கரையான் வராதாம்.

பழைய_ஃபிட்டர்:

அந்தக் காலத்துல எல்லாத் தோட்டத்துலயும் அடிச்சோம், நானே அடிச்சிருக்கேன். மழை பெஞ்சா அது அப்படியே மண்ணுக்கும் லோங்காங்குக்கும் (சாக்கடை) போகும், கீழ கிணறு இருந்தா கேட்கவே வேணாம். பழைய ஆயில் சட்டப்படி அபாயக் கழிவு, 2005லேயே அட்டவணையில போட்டுட்டாங்க. பட்டறையில டிரம் வச்சுச் சேர்ப்பாங்க, எடுக்கிறவன் வந்து காசு கொடுத்து எடுத்துக்கிட்டுப் போவான். மூடியுள்ள டின்ல ஊத்தி அங்க கொடுத்துடு. கட்டைக்கு வேற மருந்து கடையில இருக்கு, அப்பாகிட்ட நான் சொன்னேன்னு சொல்லு.

செம்பனை_கிராணி:

சொன்னேன். "யார் அந்த ஃபிட்டர்"னு கேட்கிறாரு. பழைய ஃபில்டரையும் அங்கேயே கொடுக்கலாமா அண்ணே?

பழைய_ஃபிட்டர்:

கொடுக்கலாம். முதல்ல ஒரு ராத்திரி தலைகீழா நிக்க வச்சு வடிய விடு. அப்படியே எடுத்துக்கிட்டுப் போனா காடி பூட் முழுக்க ஊத்திடும்.